நான் சரியாகச் சொன்னவை

சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற மகிழ்ச்சிக்காகவே பல ஆண்டுகள் இந்தத் தொழிலைச் செய்தேன். எதிரே இருப்பவரின் நலனுக்காகத்தான் பேசுகிறேன் என்று நம்பினேன். கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நேரம் முடிந்து ஒருவர் எழுந்து போன பிறகு என் மனத்தில் தங்கியது அவர் முகமில்லை, நான் சொன்ன வாக்கியம். எவ்வளவு பொருத்தமாகச் சொன்னேன் என்ற நிறைவு. அந்த நிறைவுக்கு இரண்டு பேர் விலை கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர். தெரியாமல் எத்தனை பேரோ.

நான் மருத்துவ உளவியலாளர். தாம்பரம் கிழக்கில், சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் அறை. வருகிறவர்களில் பலர் மருந்து வாங்க வந்ததுபோலக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் படியேறுவார்கள். மேடவாக்கத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வருகிறார்கள். நான் சொல்லப்போகும் இருவருடைய வேலை, வயது, குடும்பம், ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்; வேறு சிலருடைய விவரங்களும் அவர்களுக்குள் கலந்திருக்கின்றன. மாற்றாமல் விட்டிருப்பது நான் பேசியதை மட்டும்.

பேச்சு வழியாகச் செய்யும் உளச்சிகிச்சையில் விளக்கம் என்று ஒன்று உண்டு. தொழிலில் இருப்பவர்கள் இன்டர்பிரட்டேஷன் என்போம். வந்தவர் சொல்வதிலும் செய்வதிலும் அவருக்கே தெரியாமல் ஓடுகிற ஒரு தொடர்பை எடுத்துக் காட்டுவது. மேலதிகாரியைக் கண்டால் வருகிற பயம் சின்ன வயதில் அண்ணனைக் கண்டு வந்த பயம்தான் என்று சொன்னால் அது ஒரு விளக்கம். அந்தப் பயம் இப்போது, இந்த அறையில், என்னிடமும் வருகிறது என்று சொன்னால் அது இன்னும் கூர்மையான விளக்கம். இந்த இரண்டாம் வகைதான் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்று 1934இல் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி வாதிட்டார். பிராய்டின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவர். உணர்ச்சி சூடாக இருக்கும் நேரத்தில், அது யார்மேல் பாய்கிறதோ அந்தச் சிகிச்சையாளரே அதைச் சொல்லும்போது, பழைய ஆளுக்கும் இந்த ஆளுக்கும் உள்ள வித்தியாசம் வந்தவருக்குத் தெரியும்; அங்கே ஏதோ நகரும் என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்: மிகச் சிறிய அளவில்தான் கொடுக்க வேண்டும். எம்.ஃபில். படித்த காலத்தில் முதல் பகுதியை அடிக்கோடிட்டேன். என் பிரதியில் இரண்டாம் பகுதிக்குக் கீழே ஒரு கோடும் இல்லை.

முதலாமவர் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தவர். நாற்பதை ஒட்டிய வயது, ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். தூக்கம் போய்விட்டது. மேலதிகாரிகளோடு கூட்டம் இருக்கும் நாட்களில் காலையிலேயே குமட்டல். அப்பா பள்ளி ஆசிரியர். மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மகனைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். இவருக்கு நல்ல நண்பர்கள் இருந்தார்கள், மனைவியோடு நெருக்கம் இருந்தது. பேசத் தெரிந்தவர். தன் மனத்தைத் தானே திரும்பிப் பார்க்கவும் தெரிந்தவர். இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்தால் எனக்குள் ஓர் உற்சாகம் ஏறும். அந்த உற்சாகத்தை அன்று அக்கறை என்று நினைத்தேன்.

தொடக்க வாரங்களிலேயே அவருடைய மேலதிகாரியையும் அப்பாவையும் இணைத்துக் காட்டினேன். "கரெக்ட் மேடம், நான் இப்படி யோசிச்சதே இல்ல" என்றார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு இணைப்புகள். தலையாட்டினார். "என்கிட்ட ஒரு விஷயம் சொல்றதுக்கு முன்னாடி என் முகத்தைப் பார்க்கிறீங்க, அப்பா முகத்தைப் பார்த்த மாதிரி" என்றேன். "ஆமா மேடம்." மேடவாக்கம் கூட்டுரோட்டில் நெரிசல் என்று தாமதமாக வர ஆரம்பித்தார். அந்தத் தாமதத்துக்கும் ஒரு பொருள் சொன்னேன். பேச்சு குறைந்தது. மௌனத்துக்கும் பொருள் சொன்னேன். குமட்டல் குறையவில்லை, தூக்கம் திரும்பவில்லை. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது.

பிறகு ஒரு மாலை அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் மேடம். ஆனா இங்க வந்து உட்கார்ந்தாலே ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

என் வாழ்க்கையில் என்னிடம் வந்த ஒருவர் என்னைப் பற்றிச் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அது. எவ்வளவு தயங்கியிருப்பார். நான் ஒரு கணமும் தாமதிக்காமல் பதில் சொன்னேன்: "அப்பா முன்னாடி நின்ன மாதிரி."

அவர் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து வேலை அதிகம் என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அப்புறம் வரவில்லை.

நான் சொன்னது தவறா? இல்லை. அப்பா முன்னால் நின்ற அனுபவத்தின் நிழல் அதில் இருந்தது உண்மை. ஆனால் அன்று அவர் முன்னால் இருந்தது நான்; வாரா வாரம் அவரைக் கூண்டில் நிறுத்தியதும் நான். அவர் என்னைச் சுட்டிக் காட்டினார். நான் அந்த விரலைப் பிடித்து அவருடைய அப்பாவின் பக்கம் திருப்பிவிட்டேன். விளக்கத்தை ஒரு கேடயமாக்கிக்கொண்டு, என்மேல் வந்த ஒரே குறையையும் அவர்மேலேயே போட்டேன். பல நாட்கள் இதைச் சக உளவியலாளர்களிடம் "அவர் தாங்க முடியாமல் விலகிப் போனார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிகிச்சையை நடுவில் விட்டுப் போகிறவரைப் பற்றி எங்கள் தொழிலில் எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. அவர் தாங்க முடியாமல் போனது என்னை.

அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பேச வேண்டும். 1937இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிராய்டு ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையாளர் சொல்வதற்கு நோயாளி "ஆமாம்" என்று சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று அதில் எச்சரித்தார். அந்த ஆமாம், மேற்கொண்டு பேசாமல் தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். அதைத் தொடர்ந்து புதிதாக ஒரு நினைவு எழும்பினால், இதுவரை சொல்லாத ஏதோ ஒன்று வெளியே வந்தால்தான் அந்த ஆமாமுக்கு மதிப்பு. வியன்னாவில் இருந்தவருக்கே இது தெரிந்திருக்கிறது. தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். படித்த ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னால் இங்கே யார் மறுப்பார்கள்? டாக்டரிடம், வாத்தியாரிடம், வங்கி மேலாளரிடம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து தன் வழியில் போவதுதான் நம் பழக்கம். அது நம் மரியாதை; சில நேரம் நம் தற்காப்பு. என் அம்மா சர்க்கரை டாக்டரிடம் இருபது வருடமாக அப்படித்தான் தலையாட்டுகிறார். வீட்டில் பார்க்கிற அதே தலையாட்டலை, என் அறையில் பார்த்தபோது மட்டும் உள்மன வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் ஆமாம் சொன்ன எத்தனையோ தடவைகளில் ஒரு தடவைகூட அதன் பின்னால் புதிய நினைவு எதுவும் வந்ததில்லை. என் குறிப்பேட்டைத் திரும்பப் படித்தபோது அது பளிச்சென்று தெரிந்தது: என் வாக்கியங்கள் நீளமாக, அவருடையவை வரவரக் குட்டையாக.

வருகிறவர்களின் குடும்பமும் என்னை மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது. "பையனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம்" என்று கேட்காத அம்மா அப்பா குறைவு. நம் நாட்டு மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி, மேற்கத்தியச் சிகிச்சை உறவைவிட குரு-சீடர் உறவு இந்தியர்களுக்குப் பொருந்தும் மாதிரியாக இருக்கலாம் என்று 1973இல் எழுதினார். என் பேச்சு அதிகம் என்று யாராவது சொன்னால் நேகியைத்தான் துணைக்கு அழைப்பேன். அவர் எழுதியது ஓர் உறவைப் பற்றி. சீடனின் பாரத்தை ஏற்றுக்கொண்டு நெடுநாள் கூட நிற்கும் ஒருவரைப் பற்றி. நான் எடுத்துக்கொண்டது அந்த நாற்காலியின் அதிகாரத்தை மட்டும்.

இன்னொரு துணையும் எனக்கு இருந்தது. 1988இல் பென்சில்வேனியாவில் பால் கிரிட்ஸ்-கிறிஸ்டாஃபும் லெஸ்டர் லுபார்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 43 பேருடைய சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சிகிச்சையாளரின் விளக்கம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு முன்னேற்றம் என்பது அதன் முடிவு. பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இதைப் பெருமையோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வு எந்தத் துல்லியத்தை அளந்தது என்பதை நிதானமாகப் படித்தது பிறகுதான். ஒருவர் மற்றவரிடம் எதை வேண்டுகிறார், மற்றவர் தனக்கு என்ன செய்வார் என்று எதிர்பார்க்கிறார்: இந்த இரண்டையும் சரியாகத் தொட்ட விளக்கங்களோடுதான் முன்னேற்றம் சேர்ந்து வந்தது. அவர் என்ன உணர்கிறார் என்பதைச் சரியாகச் சொன்னதற்கும் முன்னேற்றத்துக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. என் குறிப்பேட்டில் இருந்ததோ பெரும்பாலும் அதுதான். உங்களுக்குப் பயம், உங்களுக்குக் கோபம், உங்களுக்கு வெட்கம். அந்த முதலாமவர் என்னிடம் என்ன வேண்டினார் என்று ஒரு வரிகூட இல்லை. இப்போது நினைத்தால், திருத்தாமல் தன் பேச்சைக் கேட்கும் ஒருவரை அவர் வேண்டினார் என்று தோன்றுகிறது.

1991இல் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் பைப்பர் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுமார் 20 அமர்வுகள் கொண்ட குறுகிய காலச் சிகிச்சை, 64 பேர். உறவுகளை நன்றாகப் பேணத் தெரிந்தவர்கள், அதாவது இந்தச் சிகிச்சைக்கு மிகவும் ஏற்றவர்கள் என்று எல்லோரும் நினைப்பவர்கள், சிகிச்சையாளரோடு உள்ள உறவைப் பற்றிய விளக்கங்களை அதிகமாகப் பெற்றபோது சிகிச்சை உறவும் பலவீனமாக இருந்தது, பலனும் குறைவாக இருந்தது. என் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். விளக்கம் கூடியதால் உறவு கெட்டதா, உறவு கெட்டதால் விளக்கம் கூடியதா? இரண்டும் சேர்ந்து வந்தன என்பதை வைத்து எது காரணம் என்று முடிவு செய்ய முடியாது. என் அறையில் நடந்ததை மட்டும் எனக்குத் தெரியும். அவர் மௌனமானார், எனக்குப் பதற்றம் வந்தது, பதற்றத்தைத் தணிக்க ஒரு விளக்கம் சொன்னேன், அவர் இன்னும் மௌனமானார். 1996இல் லூயி காஸ்டோங்கே குழுவினர் மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சையில் இதே சுழலைக் கண்டார்கள். அது வேறு சிந்தனைப் பள்ளி, வேறு முறை. உறவில் இறுக்கம் வந்தபோது சில சிகிச்சையாளர்கள் இறங்கி வந்து விசாரிக்கவில்லை. தங்கள் முறையை இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். அந்த அழுத்தம் கூடக்கூடப் பலன் குறைந்தது. ஆக இது எந்தப் பள்ளிக்கும் சொந்தமான நோயில்லை. நிலைமை கையை விட்டுப் போகிறது என்ற பயம் வந்தால் தெரிந்ததைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்தது விளக்கம்.

டி. டபிள்யூ. வினிகாட் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் பல ஆண்டுகள் லண்டனில் பணியாற்றியவர். 1968இல் நியூயார்க்கில் படித்த கட்டுரையில், விளக்கம் சொல்லியாக வேண்டும் என்ற தன் சொந்தத் தேவையால் எத்தனை பேருடைய மாற்றத்தைத் தடுத்திருப்பேன் அல்லது தள்ளிப்போட்டிருப்பேன் என்று நினைக்கவே திகிலாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பொறுத்திருந்தால் வந்தவரே புரிதலுக்கு வந்து சேர்வார், மிகுந்த மகிழ்ச்சியோடு வந்து சேர்வார் என்றும் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் இதை வெளிப்படையாகச் சொன்னது எனக்கு ஆறுதல் தரவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பே சொல்லப்பட்டதை நான் கேட்கவில்லை என்பதைத்தான் காட்டியது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது அதிகம் பேசிய ஒருத்தியின் கதையாக முடிந்திருக்கும். இரண்டாமவரைப் பற்றிச் சொல்வதுதான் கடினம்.

அவர் முடிச்சூரிலிருந்து வந்தவர். முப்பது வயதுக்குள். சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் செக்ஷன். பத்தாவது வரை படித்தவர். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து தாம்பரம் வந்து, ரயில் பாதையைக் கடந்து கிழக்குப் பக்கம் ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். திரும்பவும் அதே வழியில் மேற்குத் தாம்பரம் போய் முடிச்சூர் பஸ். ஓர் இடத்தில் நிலைத்து வேலை பார்க்க முடியவில்லை. சூப்பர்வைசரோடு சண்டை, அக்காவோடு சண்டை, உயிராக இருந்த தோழியோடு ஒரே நாளில் முறிவு. நெருங்கியவர்கள் எல்லாரும் விட்டுப் போவார்கள் என்று நம்பினார்; அவர்கள் போவதற்கு முன் தானே கிளம்பிவிடுவார். வந்த முதல் நாளே சொன்னார்: "நீங்களும் ஒருநாள் என்னை வேணாம்னு சொல்லிடுவீங்க மேடம். எல்லாரும் அப்படித்தான்."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மூச்சுப் பயிற்சித் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

முதலாமவருக்கு அள்ளிக் கொட்டிய என்னிடம் இவருக்குக் கொடுக்க ஒரு விளக்கம்கூட இல்லை. எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் என்னைச் சோதித்தார். சொல்லாமல் வராமல் இருந்து, நான் கூப்பிடுகிறேனா என்று பார்த்தார். ஒருமுறை பணத்தை மேசையில் வீசினார். இன்னொரு நாள் தன் வீட்டில் செய்த அதிரசம் கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கும் நேரம், கோபம் வந்தால் பத்து வரை எண்ணுவது, சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது: இவைதான் என் பேச்சு. இந்தப் பெண்ணுக்கு ஆழமாகச் சொன்னால் புரியாது என்று முடிவு செய்திருந்தேன். இதற்கும் ஓர் ஆதாரம் வைத்திருந்தேன். 1964இலேயே என். சி. சூர்யாவும் ஜெயராமும், இந்திய நோயாளிகள் நேரடியான உதவியையும் ஆதரவையும்தான் எதிர்பார்க்கிறார்கள், உள்மனத்தைத் தோண்டும் விளக்கங்களை அவ்வளவாக ஏற்பதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரும் இந்தியர்தான். அவரிடம் பேசும்போது எனக்கு சூர்யா நினைவுக்கு வரவே இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் ஏறியது. 2015இல் அடையாற்று வெள்ளம் பார்த்த அதே தெருக்கள். கரண்ட் இல்லை, பல இடங்களில் போனும் இல்லை. நேரம் கொடுத்திருந்தவர்களில் சிலரை நானே கூப்பிட்டு விசாரித்தேன். "வீட்டுக்குள்ள தண்ணி வரலையே? குழந்தைங்க நல்லா இருக்காங்களா?" மற்றவர்களுக்கு வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார்: இந்த வாரம் அப்பாயின்ட்மென்ட் ரத்து. நான் யார் யாரைக் கூப்பிட்டேன் என்று பின்னால் பார்த்தேன். எல்லாரும் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் இருப்பவர்கள். தண்ணீர் உண்மையில் ஏறிய முடிச்சூரில் இருந்தவருக்கு வாட்ஸ்அப் செய்தி.

அவர் திரும்பி வந்தபோது உட்காரவே இல்லை. "என் வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. நீங்க ஒரு வார்த்தை கேட்கல." நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா. முதல்ல உட்காருங்க, மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

அன்று எனக்குப் பயமாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய குரல், அவர் நின்ற விதம், வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழுமே என்ற எண்ணம். அதன்பின் விரைவிலேயே, இன்னும் அடிக்கடி பார்க்கக்கூடிய ஓர் இடம் உங்களுக்கு நல்லது என்று சொல்லி வேறொரு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினேன். தொழில் விதிப்படி அதில் பிழையில்லை. யார் வந்து என் கோப்பைப் பார்த்தாலும் சரியான முடிவு என்பார்கள். அவர் கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்க்காமல் மடித்தார். "முதல் நாளே சொன்னேன்ல மேடம்" என்றார்.

ஓஸ்லோவில் பேர் ஹோக்லென்ட் நடத்திய ஆய்வை இதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 2006இல் முக்கிய முடிவுகள் வெளிவந்தன. 100 பேர், வாரம் ஒருமுறை, ஓராண்டு. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் நடுவே நடப்பதைப் பற்றி அளவோடு பேசினார்கள். மற்றதில் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மற்றபடி சிகிச்சை ஒன்றுதான். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் உறவுகள் நிலைக்காமல் தவித்தவர்களைத் தனியே பார்த்தபோது, அந்தப் பேச்சு நடந்த பிரிவில் இருந்தவர்கள் தெளிவாக அதிகம் தேறினார்கள். சிகிச்சை முடிந்த பின்னும் அந்த வித்தியாசம் நிலைத்தது. ஹோக்லென்டே தொடக்கத்தில் எதிர்பார்க்காத திசை இது. பலசாலிகளுக்குத்தான் இந்த விளக்கம் தாங்கும் என்பது அதுவரை பலருடைய நம்பிக்கை. ஆய்வை மேலும் தொடர்ந்தபோது, இடையில் நிகழ்ந்தது தன்னைப் பற்றிய புரிதல் கூடியதுதான் என்றும் கண்டார்கள்.

அதாவது யாருக்கு அளவாகக் கொடுத்திருக்க வேண்டுமோ அவர்மேல் கொட்டினேன். யாருக்கு அது தேவைப்பட்டதோ அவருக்குத் தாளைக் கொடுத்தேன்.

இதை அறிவுக் குறை என்று எழுதிவிட்டு நான் தப்பிக்கலாம். ஆய்வைத் தாமதமாகப் படித்தேன், அவ்வளவுதான் என்று. அது உண்மையில்லை. உறவுகளைப் பேணும் திறனைப் பற்றித்தான் அந்த ஆய்வுகள் பேசுகின்றன. நான் பார்த்தது படிப்பை, ஆங்கிலத்தை, செருப்பை, வீடு இருக்கும் தெருவை. முதலாமவரோடு பேசினால் நான் புத்திசாலியாகத் தெரிந்தேன். அதனால் அவரிடம் பேசினேன். இந்தப் பெண் என் வாக்கியங்களைப் பாராட்டக்கூடியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் என் வாக்கியங்களை வீணாக்கவில்லை. சாதியும் வர்க்கமும் என் அறைக்கு வெளியே நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவை என் தொழில் முடிவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. யாருக்கு உள்மனம் உண்டு, யாருக்கு வெறும் பிரச்சினைகள் உண்டு என்று நானாகவே பிரித்து வைத்திருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இப்போது ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கிச் சில அமர்வுகளைப் பதிவு செய்கிறேன். எனக்கு மூத்த ஒருவரோடு உட்கார்ந்து கேட்கிறோம். நான் ஏதாவது விளக்கம் சொன்னால் அதற்கு அடுத்த இரண்டு நிமிடத்தை மட்டும் கவனிக்கிறோம்: வந்தவர் புதிதாக எதையாவது சொன்னாரா, இல்லை ஆமாம் என்றுவிட்டு நின்றுவிட்டாரா. "நான் சொன்னது பொருந்தலைன்னா சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்தேன், அதற்கும் தலையாட்டுகிறார்கள். அதனால் கேட்பதை விட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பதிவுகளில் என் குரல் இன்னும் அதிகம்தான். மௌனம் வந்தால் இன்னும் பதறுகிறேன். சென்ற மாதம்கூட ஒரு கல்லூரி மாணவர் அழத் தொடங்கிய நேரத்தில், அந்த அழுகைக்கு ஒரு காரணத்தை நான் எடுத்துச் சொல்வது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அவர் உடனே அழுகையை நிறுத்திவிட்டார்.

கடிதம் கொடுத்த மருத்துவமனைக்கு அந்தப் பெண் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடலாமா என்று என் மூத்தவரிடம் கேட்டேன். யாருடைய நிம்மதிக்காகக் கூப்பிடுகிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லாததால் கூப்பிடவில்லை. ஆனால் ஓஸ்லோவில் அந்தச் சிகிச்சையாளர்கள் செய்ததில் ஒன்று, சிகிச்சையாளர் தன்னைப் பற்றி என்ன நினைப்பதாக வந்தவர் எண்ணுகிறார் என்று அவரையே பேசவைப்பது. அந்தச் சனிக்கிழமை அவர் உட்காராமல் நின்றபோது நானும் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "நான் கேட்காதது தப்பு. வேற சிலருக்கு நானே போன் பண்ணேன், உங்களுக்குப் பண்ணல. நான் உங்களைப் பத்தி என்ன நினைக்கிறேன்னு உங்களுக்குத் தோணுது? சொல்லுங்க. எவ்வளவு கோபமா சொன்னாலும் அடுத்த சனிக்கிழமை இதே நேரம் உங்களுக்குத்தான்."